பியூலாவின் அறைக்கு வராத சூடு

அமெரிக்காவில் எங்கள் மெயின் மாநிலத்துப் பக்கம் கல்யாணம் ஆகாமல் அப்பன் வீட்டிலேயே தங்கிவிடுகிற மகள்களுக்குக் குறைவில்லை. எதிர்வீட்டு பியூலா பிங்க்கம் அப்படிப்பட்டவள். படுக்கையில் விழுந்த அப்பாவுக்கு வருஷக்கணக்கில் மலமூத்திரம் அள்ளினாள். கிழவர் வீட்டை அவள் தம்பி லைலுக்கு எழுதிவைத்தார். மகளுக்குச் சமையலறைக்குப் பின்னால் ஒரு சின்ன அறை. அதற்கும் ஒரு வால் ஒட்டியிருந்தது: அவளாக வீட்டைவிட்டு வெளியேறும்வரைதான் அந்த உரிமை. எனக்கு இன்னும் வயிறு எரிகிறது.

லைலும் அவன் மனைவி கோரினும் குடிவந்த கோடையிலேயே சுத்தியல் சத்தம் ஆரம்பித்தது. சமையலறையை இடித்து அகலமாக்கினார்கள். பியூலாவின் ஜன்னலைத் தவிர எல்லா ஜன்னல்களையும் மாற்றினார்கள். பிறகு விறகெரித்துக் குளிர்காய, கூடத்தில் ஒன்றும் மாடியில் ஒன்றுமாக இரண்டு கணப்படுப்புகள். ஊரே வந்து பார்த்து வாயைப் பிளந்தது. நானும்தான்.

குளிர் வந்ததும் விஷயம் தெரிந்தது. வீடு முழுவதற்கும் சூடு அனுப்புவது நிலவறையில் இருக்கும் எண்ணெய்க் கொதிகலன். கூடத்தின் சூட்டை அளந்து அதை ஓட்டுவதும் நிறுத்துவதும் கூடத்துச் சுவரில் இருக்கும் சின்னப் பெட்டி. கணப்பில் தீ எரிந்தால், வீடே சூடாகிவிட்டது என்று நினைத்து அது கொதிகலனை நிறுத்திவிடும். பின்னறை விறைத்துப்போகும்.

"கோரின், அந்தப் பெட்டிய வேற சுவத்துக்கு மாத்தச் சொல்லேன். டம்ளர்ல வச்ச தண்ணி உறைஞ்சு போவுது."

"இப்பத்தான அண்ணி பெயின்ட் அடிச்சோம்? இன்னொரு ஸ்வெட்டர் போட்டுக்கங்க."

"ஸ்வெட்டருக்கு மேல கோட்டும் போட்டுட்டுத்தான்டி படுக்கறேன்."

"முடியலன்னா முதியோர் இல்லம் இருக்கே. உங்கள யாரு பிடிச்சு வச்சிருக்கா?"

லைல் தீயைக் கிளறிக்கொண்டிருந்தான். பெண்டாட்டி முன்னால் அவனுக்கு வாய் இருந்ததே இல்லை.

அந்த இரண்டு கணப்புக்கும் விறகு சுமந்தது யார் என்கிறீர்கள்? பியூலாதான். 'சும்மா உக்காந்து திங்கறா'ன்னு சொல்லிடக் கூடாதாம்.

"ரோஷம் இருக்கற அளவுக்கு உனக்குப் புத்தி இல்ல. என் வீட்டுக்கு வந்துடு," என்றேன்.

"வந்தா, நானா போனதா ஆயிடும். அவ அதுக்குத்தான் காத்துட்டு இருக்கா."

பிப்ரவரியில் நெஞ்சில் சளி கட்டி அவளுக்கு மூச்சு இழுத்தது. ஆம்புலன்சைக் கூப்பிட்டதே நான்தான். ஸ்ட்ரெச்சரோடு இரண்டு பேர் வந்தார்கள். வாசலில் கோரின் நின்றாள். அவள் பார்க்கப் படுத்துக்கொண்டு போக பியூலாவுக்கு மனம் வரவில்லை.

"இது எங்கப்பா வீடு. நான் நடந்தே வர்றேன்." சுவரைப் பிடித்துப் பிடித்து, பனியில் இறங்கி நடந்து வண்டி ஏறினாள்.

"பாத்து, மெதுவா, அண்ணி," என்றாள் கோரின். அவள் அத்தனை அன்பாகப் பேசி நான் கேட்டதில்லை.

மார்ச்சில் நான்தான் அவளைத் திரும்ப அழைத்துவந்தேன். சமையலறை வழியாக நுழைந்தோம். பின்னறையில் கூரைவரை விறகு அடுக்கியிருந்தது. அவள் துணிமணி ஒரு பெட்டியில் கட்டித் தயாராக இருந்தது.

"என் கட்டில் எங்கடா, லைல்?"

லைல் தன் செருப்பைப் பார்த்தான்.

"நீங்களாத்தான நடந்து போனீங்க, அண்ணி? ஸ்ட்ரெச்சர்கூட வேண்டாம்னீங்க. அந்த ஆளுங்களே சாட்சி," என்றாள் கோரின்.

"அடிப்பாவி! மூச்சு விட முடியாம போனவகிட்டயா இந்தக் கணக்குப் பேசற?" என்று கத்தினேன். அவள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"கூடத்துக்கு வாங்க அண்ணி. கொஞ்சம் குளிர் காஞ்சுட்டுப் போங்க."

பியூலா போகமாட்டாள் என்று நினைத்தேன். போனாள். கோட்டைக் கழற்றாமல் நாற்காலி விளிம்பில் உட்கார்ந்தாள். அந்தத் தீயின் முன்னால் அவள் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. இரண்டு கைகளையும் நீட்டினாள்.

"நல்லா கணகணன்னு இருக்கு, கோரின்," என்றாள்.

தீ கொஞ்சம் தணிந்தது. பழக்கதோஷத்தில் எழுந்துபோய், தன் அறையிலிருந்து ஒரு கட்டையை எடுத்துவந்து போட்டாள்.