றெஜினா அக்காவின் வலக்கை

குருநகரில் நண்டுச் சதை பிரிக்கும் பெண்களில் என் அக்கா றெஜினாவைத் தெரியாதவர்கள் இல்லை. மற்றவர்கள் ஒரு நண்டை உடைப்பதற்குள் அவள் மூன்றை முடித்துவிட்டு, "என்னடி, நண்டோடை கதைச்சுக்கொண்டு இருக்கிறியளோ?" என்பாள். போன மாசியில் ஐஸ் உடைக்கும் மிசின் அவளுடைய வலக்கையை முழங்கைக்குச் சற்றுக் கீழே வரை தின்றுவிட்டது.

அன்றிலிருந்து நான்தான் ஊட்டினேன். கரண்டியைக் கொடுத்தால் எறிவாள். இடக்கையால் சோறு தொடுவதைவிடப் பட்டினி கிடக்கலாம் என்று பிடிவாதம்.

"எனக்கு வேறை ஒண்டும் வேண்டாம் பெர்னடெட். இன்னொருத்தற்ரை கையைப் பாத்து வாய் திறக்கிற சீவியம் முடிஞ்சாக் காணும்."

வைகாசியில் அதற்கு ஒரு வழி தெரிந்தது. அரியாலையில் ஒரு நிலையம் இலவசமாக மின்கை பொருத்துவதாகக் கேள்விப்பட்டுக் கூட்டிப்போனேன். அங்கே வேலை செய்யும் பிரகலாதன் என்ற தம்பி அவளுடைய மிச்சக் கையில் ஸ்டிக்கர்களை ஒட்டி, இல்லாத விரல்களை மடக்கச் சொன்னான். திரையில் கோடு துள்ளி எழுந்தது. தசை இறுகும்போது உண்டாகும் சிறு மின்சாரத்தைத் தோலின் மேலேயே பிடித்துத்தான் அந்தக் கை விரிந்து மூடுமாம்.

"நல்லாயிருக்கு அக்கா. புரட்டாதியிலை கடைசிச் சோதினை. கோடு குறையாமல் வாங்கோ. வாறது மூண்டு கை, கேட்டு நிக்கிறது ஒன்பது பேர்."

குறைய விடுவேனா நான்? விடிந்ததும் முட்டைக்கோப்பி. பத்து மணிக்கு நல்லெண்ணெய் மிதக்கிற உழுத்தங்களி. பிள்ளை பெற்றவளுக்குக் கூட யாரும் இப்படிச் செய்து கொடுத்திருக்க மாட்டார்கள்.

"காணுமடி, வயிறு வெடிக்கப்போகுது."

"பேசாமல் வாயைத் திற. உனக்குக் கை வேணுமோ வேண்டாமோ?"

திறந்தாள். நாலு மாதத்தில் பதின்மூன்று கிலோ கூடினாள். கோயிலடியில் கண்டவர்கள் எல்லாரும் நல்லாய்த் தேறிவிட்டாள் என்றார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை, மடைச்சி!

புரட்டாதியில் அதே ஸ்டிக்கர்களை ஒட்டினான். அக்கா பல்லைக் கடித்தாள், நெற்றி வியர்த்தது. கோடு புழுப்போல நெளிந்துவிட்டுப் படுத்தது.

"தசையிலை ஒரு பிழையும் இல்லை அக்கா" என்றான் பிரகலாதன். "மேலை கொழுப்புப் படர்ந்திட்டுது. போர்வையாலை மூடிக்கொண்டு கதைச்சால் வெளியிலை கேக்குமோ? அப்பிடித்தான்."

"அப்ப மிசினிலை கூட்டி வையன் தம்பி!" என்று கத்தினேன்.

"கூட்டினால் பக்கத்துத் தசையின்ரை இரைச்சலும் சேர்ந்து வருது. எதைக் கேட்டு விரியிறதெண்டு கைக்குத் தெரியாது." பிறகு என்னைப் பார்த்தான். "என்ன சாப்பாடு குடுத்தனீங்கள்?"

மாதாவே, முட்டைக்கோப்பியையும் உழுத்தங்களியையும் என் வாயாலேயே சொன்னேன்! மூன்று கைகளும் அன்றைக்கே வேறு மூன்று பேருக்குப் போயின. அடுத்தது எப்போது வரும் என்று அவனுக்கே தெரியாது.

அக்கா என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் காலில் விழுந்து அழுதிருப்பேன். வீட்டுக்கு வந்ததும் வழமைபோலச் சோற்றைக் குழைத்து ஒரு கவளத்தை அவள் வாயருகே கொண்டுபோனேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"நீ ஊட்டினது காணும்."

கோப்பையைத் தன் பக்கம் இழுத்து, இடக்கையைச் சோற்றுக்குள் வைத்தாள்.