நூற்று அறுபத்தோராம் பக்கம்

அக்காவின் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை நாற்பது தடவையாவது பார்த்திருப்பேன். அச்சாகிற வரைக்கும் படித்தது ஒரு தடவைகூட இல்லை. எழுதவே வெட்கமாக இருக்கிறது, இருந்தாலும் உண்மை அதுதான். புத்தகத்துக்குப் பக்கம் கட்டுகிறவளுக்கு வரி தெரியும், வரிக்கு நடுவில் விழுந்த இடைவெளி தெரியும், பக்கத்தின் அடியில் எவ்வளவு இடம் மிச்சம் என்று தெரியும். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டால் முழிப்பாள்.

என் பிழைப்பு புடவை டிசைன். காஞ்சிபுரத்தில் இருபது வருடத்துக்கு மேல் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, மயிலையும் யாளியையும் கட்டம் கட்டமாகப் பிரித்துத் தறிக்குத் துளை அட்டை அடிக்கக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். அக்கா பள்ளிக்கூடத்து டீச்சர். திருப்புட்குழிப் பக்கத்தில் ஒரு ஊரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். கல்யாணம் வேண்டாமென்று இருந்துவிட்டாள். என் வீட்டுக்காரர் தவறிப்போன பிறகு என்னோடு வந்து தங்கினாள். வந்தவள் சும்மா இருக்காமல் கோடு போட்ட நோட்டில் எழுத ஆரம்பித்தாள். ஏழு நோட்டு நிரம்பியது. சொந்தமாகப் புத்தகம் போடுகிறேன் என்றாள். உள்பக்கங்களை யார் கட்டுவது என்ற பேச்சு வந்தபோது என்னைப் பார்த்தாள்.

“புடவைக்கே அட்டை போடறவ, புஸ்தகத்துக்குப் பக்கம் போட மாட்டியா?”

அன்றைக்கே முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

நோட்டைப் பார்த்துத் தட்டச்சு செய்து கொடுத்தவர் பழைய மெஷினில் பழகிய கை. ஒவ்வொரு வரி முடிந்ததும் எண்டர் தட்டியிருந்தார். பத்தி தொடங்குகிற இடத்தில் ஸ்பேஸ் பாரை எட்டுத் தடவை தட்டியிருந்தார், சில இடத்தில் ஒன்பது. எழுத்தின் அளவைக் கொஞ்சம் மாற்றினால் போதும், வரியெல்லாம் பாதியில் உடைந்து படிக்கட்டு மாதிரி இறங்கும். ஒவ்வொரு எண்டராக எடுத்துப் போட்டேன். மொத்தமாக எடுக்க ஒரு வழி இருக்கிறதென்று அந்த வேலை முடிந்த பிறகுதான் ஒருவர் சொன்னார். அவரை அப்போது நான் பார்த்த பார்வைக்கு அவர் பயந்திருக்க வேண்டும்.

அதற்குப் பிறகு ஓரம். சேலையில் கரை வெளிப்பக்கம்தானே அகலமாக இருக்கும்? அந்தப் பழக்கத்தில் ஒவ்வொரு பக்கத்துக்கும் வெளி ஓரத்தை நல்ல அகலமாக விட்டேன், உள் ஓரத்தைக் குறுக்கினேன். திரையில் கண்ணுக்கு அவ்வளவு லட்சணமாக இருந்தது. சென்னை அச்சகத்திலிருந்து ஒரே ஒரு மாதிரிப் பிரதி வந்தது. பிரித்துப் பார்த்தால் இடது பக்கத்தில் வரியின் கடைசி எழுத்துகளும் வலது பக்கத்தில் முதல் எழுத்துகளும் தைத்த இடத்துக்குள் போய் ஒளிந்துகொண்டிருந்தன. அக்கா புத்தகத்தை இரண்டு கையாலும் பிளந்து பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

“இன்னாடி இது, கெணத்துக்குள்ள பாக்கிற மாதிரி இருக்குது?”

மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தேன். உள் ஓரத்தை அகலமாக்கினேன், வெளி ஓரத்தைக் குறைத்தேன், வரியெல்லாம் இடம் மாறியது. தமிழில் சொற்கள் நீளம். இரண்டு பக்க ஓரமும் நேராக நிற்க வேண்டுமென்றால் ஒரு நீளமான சொல் அடுத்த வரிக்கு ஓடிவிடும், விட்டுப்போன வரியில் மிச்சமிருக்கும் மூன்று சொல்லும் பல் விழுந்த வாய் மாதிரி இளிக்கும். அதைச் சரி செய்தால் கீழே இன்னொன்று இளிக்கும். பன்னிரண்டாம் பக்கத்தில் அக்கா ஒரு வரி சேர்க்கச் சொன்னால் நூற்று முப்பதாம் பக்கம் வரைக்கும் எல்லாம் நகரும். பகலில் மயில், சாயங்காலம் அக்கா என்று ஏழெட்டு மாதம் ஓடியது. கழுத்து போயிற்று. சாப்பாட்டுத் தட்டைப் பார்த்தால்கூட ஓரம் சரியாக விட்டிருக்கிறதா என்று பார்க்கிற அளவுக்கு ஆகிவிட்டேன்.

ஒருவழியாக நூற்றைம்பது பக்கத்தில் நின்றது. தாளில் எடுத்துக் கொடுத்தேன். அக்கா பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டு பத்து நாள் உட்கார்ந்து படித்தாள். சர்க்கரை வந்த பிறகு அவளுக்குப் பார்வை மங்கல். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

“எல்லாம் சரியா இருக்குது. எழுத்துதான் இன்னும் கொஞ்சம் பெருசா இருந்தா நல்லா இருக்கும். என் வயசுக்காரங்க படிக்க வேணாமா?”

“பெருசாக்கினா எல்லாம் நகரும்க்கா. நீ மறுபடியும் பாக்கணும்.”

“நீ பாத்துக்குவ இல்ல? போதும்.”

எழுத்தின் அளவை அரைப் புள்ளி ஏற்றினேன். புத்தகம் நூற்று அறுபத்து நான்கு பக்கமாக வீங்கியது. அச்சகத்தில் பதினாறு பக்கம் ஒரு ஃபாரம். பத்து ஃபாரம் என்றால் நூற்று அறுபது. அதற்கு மேல் ஒரு பக்கம் போனாலும் இன்னொரு ஃபாரம் ஓட்ட வேண்டும், கடைசியில் பதினைந்து பக்கம் வெள்ளையாகத் தொங்கும். அக்காவுக்கு அதெல்லாம் பிடிக்காது. எழுதாத நோட்டைத் திருத்தக் கொடுத்த மாதிரி இருக்கும் என்பாள். வரிக்கு வரி இருக்கும் இடைவெளியை ஒரு நூல் அளவு குறைத்தேன், தலைப்புகளை மேலே ஏற்றினேன். நூற்று அறுபத்தொன்றுக்கு வந்து நின்றது. அதற்குக் கீழே இறங்க மாட்டேன் என்றது.

தேடினேன். ஒன்பதாம் அத்தியாயம் நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் நிறைந்து, கடைசி வரி மட்டும் நூற்றுப் பதின்மூன்றில் தலையில் தனியாக நின்றது. இரண்டே சொல். அந்த இரண்டு சொல்லுக்காக ஒரு முழுப் பக்கம். அந்த அத்தியாயத்தை இறுக்கினால் நடுவில் வரிகள் இளித்தன. எல்லாவற்றையும் இறுக்கினால் எழுத்து நெருக்கிக்கொண்டு அக்கா கேட்ட பெரிய எழுத்துக்கே அர்த்தமில்லாமல் போனது. மதியத்திலிருந்து அதனோடு மல்லுக்கு நின்றேன். அச்சகத்துக்காரர் மூன்றாவது தடவை போன் செய்தார். சாயந்தரத்துக்குள் கோப்பு வராவிட்டால் அடுத்த மாதம்தான் என்றார்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. தறிமேல் இருக்கும் பெட்டியில் பாவு நூலைத் தூக்க இத்தனை கொக்கி என்று கணக்கு. மயிலின் வால் அதற்கு மேல் நீண்டால் வாலில் இரண்டு வரிசைக் கட்டத்தை எடுத்துவிடுவோம். புடவை நெய்து வந்தால் எந்த மயிலுக்கு எத்தனை இறகு என்று யாரும் எண்ணமாட்டார்கள். இருபது வருடமாக எத்தனையோ மயிலின் வாலை வெட்டியிருக்கிறேன், ஒரு புடவையும் திரும்பி வந்ததில்லை. அந்தக் கை தானாகப் போனது. இரண்டு சொல்லையும் அழித்தேன். நூற்று அறுபது. கோப்பை அனுப்பிவிட்டு அப்படியே தரையில் படுத்துக்கொண்டேன். நிம்மதியாக இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

புத்தகங்கள் கட்டுக்கட்டாக வந்தன. பார்க்க நன்றாக இருந்தது, எனக்கே கொஞ்சம் கர்வம் வந்தது. அக்கா முதல் பிரதியை எடுத்துத் தன்னிடம் படித்த ஒருத்தியின் பெயரை எழுதி என்னிடம் கொடுத்தாள். அந்தப் பெண்ணுக்கு இப்போது ஐம்பதை நெருங்குகிற வயது. ஸ்ரீபெரும்புதூர் கம்பெனி ஒன்றின் கேண்டீனில் வேலை. காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டுக்கு வந்து வாங்கிக்கொள்வதாகப் போனில் சொல்லியிருந்தாள்.

“நீயே வந்து கொடேன்க்கா.”

“மொதல்ல அவ படிக்கட்டும். படிச்சிட்டு வாங்கன்னு கூப்பிட்டா போறேன். கூப்பிடலன்னா அதுவும் நியாயம்தான்.”

புத்தகத்தில் அப்படி என்ன இருக்கிறது என்று நான் கேட்கவில்லை. நாற்பது தடவை பார்த்தவள் எந்த முகத்தோடு கேட்பது?

பஸ் ஸ்டாண்டில் நான் கொடுத்துவிட்டு வந்தேன். நான்கு நாள் கழித்து அந்தப் பெண் போன் செய்தாள். அக்கா ஸ்பீக்கரில் போட்டாள். “நல்லா எழுதி இருக்கீங்க டீச்சர். என்னப் பத்தியும் எழுதி இருக்கீங்க. என் பொண்ணு படிச்சிட்டு உங்க டீச்சர் அவ்ளோ நல்லவங்களான்னு கேட்டா” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். அக்காவின் முகம் ஒரு மாதிரி ஆனது. புத்தகத்தை எடுத்தாள், பூதக்கண்ணாடியை எடுத்தாள். நான் சமையலறைக்குப் போய்விட்டேன்.

“வரி எங்கடி?”

“எந்த வரி?”

“தெரியாத மாதிரி கேக்காத. ஒம்பதாவது அத்தியாயத்துல கடைசி வரி.”

ஃபாரக் கணக்கைச் சொன்னேன். பதினைந்து வெள்ளைப் பக்கத்தைச் சொன்னேன். கழுத்து வலியைக்கூடச் சொன்னேன். “ரெண்டு வார்த்தைக்கா இவ்ளோ, அக்கா?” என்றும் கேட்டுவிட்டேன். அக்கா கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். அவள் கத்தவில்லை.

“அந்த ரெண்டு வார்த்தைக்காகத்தான் ஏழு நோட்டு எழுதினேன்” என்றாள்.

அப்போதுதான் அந்த அத்தியாயத்தை உட்கார்ந்து படித்தேன். எட்டாம் வகுப்பில் கணக்கில் கெட்டிக்காரியான ஒரு பெண். தாய் படுக்கையில் விழுந்ததும் அவளைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்துகிறார்கள். கடைசியாக வந்த நாளில் அவள் டீச்சரிடம் அழுகிறாள். ‘ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டுக்கு வருகிறேன், உன் அப்பாவிடம் நானே பேசுகிறேன் என்று அவளிடம் சொன்னேன்.’ புத்தகத்தில் அத்தியாயம் அங்கே முடிந்திருந்தது. படிக்கிற யாரும் டீச்சர் போனாள், பேசிப் பார்த்தாள், நடக்கவில்லை போலிருக்கிறது என்றுதான் நினைப்பார்கள். நான் அழித்த வரி, ‘நான் போகவில்லை.’

எனக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை ஞாபகம் இருந்தது. எனக்கு அப்போது பதினாறு வயது. அக்கா நீலச் சேலை கட்டிக்கொண்டு, குடையை எடுத்துக்கொண்டு கிளம்பி நின்றாள். எங்கே என்று அம்மா கேட்டாள். அக்கா சொன்னாள். “அந்தக் காலனிக்குள்ள போயிட்டு வந்து இந்த வீட்டு அடுப்பாண்ட நிக்காத” என்றாள் அம்மா. அக்கா கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு உள்ளே போய்ச் சேலையை மாற்றினாள். நானும் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன். ஒரு வார்த்தை பேசவில்லை. அன்றைக்குச் சாயங்காலம் எல்லோரும் சேர்ந்து சாப்பிட்டோம்.

“அம்மா சொன்னத ஏன் எழுதல?” என்று கேட்டேன்.

“எழுதினா பழி அம்மா மேல போயிடும். போகாதது நான்தானே?”

வெளியே போயிருந்தது அந்த ஒரு பிரதிதான், மிச்சம் நூற்றைம்பதும் வீட்டில் இருந்தன. அச்சடித்த சீட்டு ஒட்டலாம் என்றேன். வேண்டாம், கையால் எழுதுகிறேன் என்றாள். நான் ஒவ்வொரு புத்தகமாக நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தைப் பிரித்து அழுத்திப் பிடித்தேன், அவள் எழுதினாள். எழுத இடமே இல்லை. கடைசி வரி வரைக்கும் இடுக்கிடுக்காக நிரப்பி வைத்திருந்தேன். பக்க எண்ணுக்குக் கீழே, தாள் முடிகிற ஓரத்தில் அந்த இரண்டு சொல்லை எழுத வேண்டியிருந்தது. ஒரு நாளைக்கு இருபதுக்கு மேல் அவளுக்குக் கை வரவில்லை. எனக்கு மன்னிப்புக் கேட்கத் தெரியவில்லை, அதனால் பேனாவுக்கு ரீபிள் வாங்கி வந்து போட்டுக்கொண்டிருந்தேன்.

அந்தப் பெண்ணிடம் இருந்த பிரதி மட்டும் பாக்கி. அவள் கூப்பிடட்டும் என்று அக்கா இனிக் காத்திருக்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆட்டோ வைத்துக்கொண்டு காலனியில் இருக்கும் அவள் வீட்டுக்குப் போனோம். அக்கா அந்த ஊரில் எத்தனையோ வருடம் வேலை பார்த்தவள், அந்தத் தெருவுக்குள் நுழைவது அதுதான் முதல் தடவை. ஓட்டுநர் எந்தப் பக்கம் என்று கேட்டபோது அவளால் சொல்ல முடியவில்லை. அதைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது.

அந்தப் பெண் வாசலுக்கு வந்து அக்காவின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனாள். மாடி வைத்த வீடு. நாற்காலியைத் துடைத்துப் போட்டாள், காபி கொண்டுவந்தாள். அக்கா காபியைத் தொடவில்லை.

“அந்தப் புஸ்தகத்த எடும்மா. அதுல ஒரு வரி விட்டுப்போச்சு.”

“விட்டுப்போகல. நான்தான் எடுத்தேன்” என்றேன். அவ்வளவாவது சொன்னேன்.

அவள் என்னைப் பார்த்தாள், அக்காவைப் பார்த்தாள். “எந்த வரி டீச்சர்?”

“நான் போகவில்லைன்னு எழுதி இருந்தேன்.”

அவள் எழுந்து போனாள். அலமாரியிலிருந்து புத்தகத்தை எடுத்து வந்து அக்காவின் மடியில் வைத்தாள்.

“அது புஸ்தகத்துல இல்லன்னா எனக்குத் தெரியாதா டீச்சர்? அன்னிக்கு எங்கப்பாவ வேலைக்குப் போக விடல நானு. தலைய வாரிக்கினு, பொழுது சாயற வரைக்கும் வாசல்லயே உக்காந்துகினு இருந்தேன்.”

அந்தப் பெண்ணே பக்கத்தைத் தேடிப் பிரித்தாள், பேனாவைத் தேடி எடுத்து அக்காவின் விரலில் வைத்தாள்.

“எழுதுங்க. என் பொண்ணு பாக்கணும்.”

நான் பக்கத்தை அழுத்திப் பிடிக்கப் போனேன். அவள் என் கையை விலக்கிவிட்டுத் தானே பிடித்துக்கொண்டாள். அக்கா எழுதினாள். கண்ணில் நீர் நின்றதால் பக்க எண்ணின் மேலேயே எழுதிவிட்டாள், வரி கீழே சரிந்து தாளின் முனை வரைக்கும் போனது.

“நேரா இருக்குதாம்மா?” என்று கேட்டாள் அக்கா.

அந்தப் பெண் குனிந்து பார்த்தாள்.

“கோணலா இருக்குது டீச்சர். படிக்க முடியுது.”