சாவி தந்தால்தான் தேத்தண்ணி

எங்கள் ஊர்ச் சனத்துக்குப் பைத்தியம் போல ஒரு விசர் இருக்கிறது. எஞ்சின் ஓடிக்கொண்டு நின்றால்தான் அது போகிற பஸ். எஞ்சின் நின்றுவிட்டால், டிரைவர் ஆசனத்தில் இருந்தாலும், புறப்படுகிற நேரம் வந்துவிட்டாலும், அது போகாத பஸ். திருகோணமலைத் தனியார் பஸ் தரிப்பிடத்தில் கிண்ணியா பஸ்ஸும் மூதூர் பஸ்ஸும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். மூதூர் பஸ்ஸும் கிண்ணியா வழியாகத்தான் போகிறது என்பதால், கிண்ணியாச் சனத்தைப் பிடிக்க இரண்டுக்கும் போட்டி. அதனால் இரண்டும் எஞ்சினை நிறுத்தாமல், இடைக்கிடை அக்சிலேட்டரை மிதித்து உறுமிக்கொண்டு நிற்கும். கூடுதலாக உறுமுகிற பஸ்ஸில் சனம் ஏறும். டீசல் புகை அப்படியே முன்னால் இருக்கிற அசனா ராத்தாவின் தேத்தண்ணிக் கடைக்குள் போகும்.

நான் திருகோணமலை ஓர்ஸ் ஹில்லிலிருந்து கிண்ணியாவிலுள்ள அலுவலகத்துக்கு, எங்கள் பேச்சில் கந்தோருக்கு, வேலைக்குப் போய்வருகிறவள். வருஷக் கணக்காக அந்தக் கடையில் காலைத் தேத்தண்ணி குடித்தவள். ஆகவே அசனா ராத்தாவின் கதையைச் சொல்லும் உரிமையை நானே எடுத்துக்கொள்கிறேன்.

ராத்தா கிண்ணியாவில் பிறந்தவர். கலியாணம் முடித்துத் திருகோணமலை ரவுனுக்கு வந்தவர். கணவர் தாஹிர் கட்டாரில் மேசன் வேலை செய்த காலத்தில், எதற்கெடுத்தாலும் போனில் அவரைக் கேட்டுக்கொண்டிருப்பது சரிப்படாது என்று தானாகத் தொடங்கிய கடை அது. முதலில் ஒரு மேசையும் ஒரு கேத்தலும். பிறகு தகரக் கூரை, பிறகு முன்னால் சனம் உட்கார இரண்டு நீள வாங்கு, இஞ்சித் தேத்தண்ணி, ரொட்டி, கடலை வடை. பெயர்ப் பலகை எழுத வந்தவன் புருஷனின் பெயரைக் கேட்டதற்கு, “அவருக்கு வேணுமெண்டா அவர் வேறொரு கடை போடட்டும்” என்றாராம். பலகையில் அசனா என்றுதான் இருக்கிறது.

அப்படிப்பட்ட மனுஷிக்கு இருமல் பிடித்தது. இருமல் இழுப்பாக மாறியது. ரொட்டிக்கு மாப் பிசைகிற கை பாதியில் நிற்கும். மேசையைப் பிடித்துக்கொண்டு மூச்சுக்கு அல்லாடுவார். மாஸ்க் போட்டுப் பார்த்தார். “என்ன ராத்தா, வடை பழுதோ?” என்று வாங்க வந்தவன் கேட்டான். அதைக் கழற்றி எறிந்துவிட்டார். கிளினிக்கில் டாக்டர் மருந்தைத் தந்து, மருந்து பாதிதான் செய்யும், நாள் முழுக்கப் புகைக்குள் நிற்கக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

அப்போது தாஹிர் கட்டாரை விட்டு ஊரோடு வந்திருந்தார். கெட்டவர் இல்லை, பயந்தவர். “அடுத்த கிளினிக்குக்குள்ள மூச்சு சரிவராட்டி கடையைச் சாத்துவம். நான் உழைக்கிறன்தானே” என்றார்.

“உங்கட உழைப்பு உங்களுக்கு. இது என்ட கடை” என்று ராத்தா சொன்னார். ஆனாலும் இழுப்புக்கு முன்னால் எவ்வளவு வாய்தான் காட்ட முடியும்? கடைசியில் அந்தத் தவணைக்கு ஒத்துக்கொண்டார்.

மேலிடத்துக்கு ஒரு மனு எழுதுவோம் என்று நான் சொன்னேன். “நீங்க கந்தோர்க்காரி, உங்களுக்கு அது சரி. மனு போய் வாறதுக்குள்ள நான் போய்ச் சேந்திருவன்” என்று சிரித்தார். அடுத்த கிழமை கேத்தலுக்குப் பக்கத்துப் பலகையில் வரிசையாக ஆணி அடித்திருந்தது. டிரைவர்மார் வந்ததும் சட்டம் அறிவிக்கப்பட்டது.

“பஸ்ஸை நிப்பாட்டி, சாவியைத் தந்தாத்தான் தேத்தண்ணி. நேரம் வந்தோண்ண சாவி கைக்கு வரும்.”

எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் அந்த இஞ்சித் தேத்தண்ணி இல்லாமல் காலையில் ஸ்டியரிங் பிடிக்கிற ஆள் அந்தத் தரிப்பிடத்தில் குறைவு. கிண்ணியா பஸ் முனீப்தான் முதலில் மடிந்தான். சாவியை ஆணியில் கொழுவி, ஆறுதலாகத் தேத்தண்ணி குடித்தான். நேரம் வந்தது, சாவி கைக்குப் போனது, பஸ் ஸ்டார்ட் ஆகவில்லை. அவனுடைய பஸ்ஸில் ஸ்டார்ட்டர் பழுதாகி மாதக் கணக்காம். விடியற்காலையில் இறக்கத்தில் உருட்டி எழுப்பினால் இரவுவரை நிறுத்துவதே இல்லையாம். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நானும் சேர்ந்து தள்ளினேன். சீனக்குடா வரைக்கும் பஸ்ஸுக்குள் முனீப்பை வைத்துப் பகிடியும் சிரிப்பும்தான். அந்தக் கிழமையே அவன் ஸ்டார்ட்டரைத் திருத்திவிட்டான்.

மூதூர் பஸ் பிரகலாதன் மட்டும் மசியவில்லை. “எனக்கு உங்கட தேத்தண்ணி வேண்டாம் அக்கா, நான் வீட்டிலயிருந்து பிளாஸ்கில கொண்டு வாறன். அது சரி, உங்கட ரொட்டி அடுப்புப் புகை என்ன, சாம்பிராணியோ?” என்று கேட்டான்.

கடையில் நின்ற எல்லோருக்கும் சுருக்கென்றது. ராத்தா விறகடுப்பைத் திரும்பிப் பார்த்தார். “அது ஞாயமான கதை, தம்பி” என்றார். அடுத்த நாள் அந்த இடத்தில் காஸ் அடுப்பு இருந்தது. ரொட்டியில் பழைய ருசி இல்லை என்று முனகியவர்களிடம், “ருசி வேணுமெண்டா வீட்ட போய்ச் சுட்டுச் சாப்பிடுங்க” என்றார்.

ஆனால் பிரகலாதனுக்கு வாயைவிடப் பலமான ஆயுதம் சனத்தின் விசர். முனீப்பின் பஸ் சத்தமில்லாமல் முன்னுக்கு நிற்கும். பிரகலாதனின் பஸ் பின்னுக்கு நின்று உறுமும். சனம் முனீப்பைத் தாண்டிப் போய் உறுமுகிற பஸ்ஸில் ஏறி, வெயிலில் வெந்துகொண்டு இருக்கும். முனீப் பாதி வெறுமையாகப் புறப்படுவான். கடைசியில் அவனும் வந்து தலையைச் சொறிந்தான். “ராத்தா, கோவிக்காதீங்க. இனி என்னால ஏலாது. இந்தக் கிழமையோட சாவி தரமாட்டன்.”

கிளினிக் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. ராத்தாவின் முகம் விழுந்ததை அன்றுதான் முதல் தடவை பார்த்தேன். எனக்கு முனீப்மேல் கோபம், பிரகலாதன்மேல் கோபம், எல்லாவற்றுக்கும் மேலாகச் சனத்தின்மேல் கோபம்.

அதற்குள் ஒரு காலை கிண்ணியாவிலிருந்து போன் வந்தது. ராத்தாவின் உம்மாவுக்குக் கடும் காய்ச்சல். ராத்தா முனீப்பின் சாவியைக் கழற்றித் தன் கையாலேயே அவனிடம் கொடுத்தார். கடையைப் பூட்டினார். பையைத் தூக்கிக்கொண்டு ஓடினார். ஓடிப்போய், சாவி கொடுத்த பஸ்ஸைத் தாண்டி, உறுமிக்கொண்டு நின்ற பிரகலாதனின் பஸ்ஸில் ஏறிவிட்டார்!

தரிப்பிடம் முழுக்கப் பார்த்தது. “வாங்க அக்கா, உள்ளுக்கு நல்லா இடமிருக்கு” என்று பிரகலாதன் கும்பிட்டான். ராத்தா இறங்கி வந்து முனீப்பின் பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் இருந்தார். சிரிப்பை அடக்கி எனக்கு வயிறு நொந்தது.

சீனக்குடா தாண்டியதும் அவர் மெல்லச் சொன்னார்: “இவன்தான் முதல்ல போவான் எண்டு எனக்குத் தெரியும். சாவி குடுத்ததே நான். எண்டாலும் கால் அங்கதான் போகுது. சத்தத்துக்குத்தான் போகுது. பாவம், சனத்தை ஏசி என்ன? எஞ்சின்ட சத்தத்துக்குப் பதிலா நாம வேறொரு சத்தம் குடுக்கோணும்.”

உம்மாவுக்குக் காய்ச்சல் விட்டு, மறுபடி கடை திறந்த அன்று அந்தச் சத்தம் பிறந்தது. முனீப்பின் கையில் சாவியைக் கொடுத்ததும் ராத்தா கடை வாசலில் நின்று கூப்பிட்டார். “சாவி போகு...” அதற்குமேல் வரவில்லை, இருமல் வந்து அடைத்தது. முனீப்பின் கண்டக்டர் இன்ஷாப் மிச்சத்தை எடுத்துக் கத்தினான்: “சாவி போகுது! கிண்ணியா! கிண்ணியா!” அன்றிலிருந்து சாவி கொடுப்பது ராத்தா, கூப்பிடுவது இன்ஷாப்.

சனம் படித்துக்கொண்ட வேகம் எனக்கே ஆச்சரியம். சாவி ஆணியில் தொங்கும்வரை பஸ் போகாது என்று கண்ணால் கண்டபிறகு, எதற்கு பஸ்ஸுக்குள் இருந்து வேகவேண்டும்? துறைமுகக் காற்று வருகிற வாங்கில் இருந்து கதைத்தார்கள். கூப்பிட்டதும் எழும்பிப் போனார்கள். பிரகலாதன் உறுமுகிற உறுமலை நம்பி ஏறிய சிலர், முனீப் தங்கள் கண்முன்னே புறப்பட்டுப் போவதை ஜன்னலால் பார்த்து, இறங்கி வந்து பிரகலாதனை ஏசினார்கள். வெறும் பஸ்ஸை வைத்து யாருக்காக உறுமுவது? ஒரு காலை அவன் எஞ்சினை நிறுத்திவிட்டு வந்து, வேறெங்கோ பார்த்தபடி சாவியை நீட்டினான்.

“முதலாளி டீசல் மிச்சம் பிடிக்கச் சொல்லுறார்” என்றான்.

ராத்தா குத்திக்காட்டவில்லை. இஞ்சி கூடுதலாகப் போட்ட தேத்தண்ணி ஒன்றை முன்னால் வைத்தார். பிறகு தம்பலகாமம் பஸ்காரரும் ஆணி கேட்டு வந்தார்கள். நகரங்களின் புகையைக் குறைப்பது எப்படி என்று யாராவது என்னைக் கேட்டால், முதலில் நிற்கிற வண்டியின் எஞ்சினை நிறுத்துங்கள், பிறகு சனத்துக்கு அதை நம்ப ஒரு வழி செய்யுங்கள் என்பேன். எங்களூரில் நடந்தது. வேறெங்கும் ஏன் நடக்காது?

கிளினிக் நாள் வந்தது. ராத்தாவைக் கூட்டிப்போகத் தாஹிர் மோட்டார் சைக்கிளில் காலையிலேயே வந்துவிட்டார். கடைப் பூட்டையும் கையில் எடுத்து வைத்திருந்தார். “சாத்திறதெண்டா இண்டையோட சாத்துவம்” என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார். அன்று பார்த்து, தரிப்பிடத்தில் நிற்கிற நேரமெல்லாம் எல்லா பஸ்ஸுக்கும் கூப்பிடுகிற இன்ஷாப் லீவு. பிரகலாதனுக்கு நேரமாகிவிட்டது. சாவியை வாங்கிக்கொண்டு, கூப்பிட ஆளைத் தேடினான்.

“விடு, நான் கூப்பிடுறன்” என்று தாஹிர் முன்னால் வந்தார்.

ராத்தா அவரை ஒதுக்கிவிட்டு வாசலில் வந்து நின்றார். மூச்சை உள்ளே இழுத்தார்.

“சாவி போகுது! மூதூர்! கிண்ணியா, மூதூ...ர்!”

முழுதாக வந்தது. அந்தக் கோடியில் மீன் விற்கிறவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். வாங்கிலிருந்த சனம் எழும்பிப் பஸ்ஸுக்குப் போனது. ராத்தா மட்டும் அசையாமல், ஒரு கை நெஞ்சில் வைத்தபடி, வழக்கமாக வருகிற இருமலுக்காகக் காத்து நின்றார். அது வரவில்லை. எனக்குக் கண் கலங்கியது. தாஹிருக்கும்தான், அவர் ஹெல்மெட்டைத் துடைக்கிற சாட்டில் குனிந்துகொண்டார்.

“கிளினிக்குக்கு நேரமாகுது, அசனா” என்றார்.

“இருங்க. முனீப்ட சாவியையும் குடுத்திட்டு வாறன்.”

தாஹிர் கையிலிருந்த பூட்டைக் கேத்தலுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, வாங்கில் போய் இருந்தார்.