அவிழ்த்துவிட்ட ரோஸ் ரிப்பன்கள்

ஞாயிற்றுக்கிழமையானால் வாழவந்தியிலிருந்து கொட்டச்சேட்டுக்கு நான் நடந்துதான் போவேன். அங்கே என் அக்கா இருக்கிறாள். பஸ்ஸில் போகலாமே என்று மருமகள் வாராவாரம் சொல்வாள். பஸ்ஸென்றால் ஒண்டிக்கடை வரை போய், வேறு பஸ்ஸுக்கு நின்று, சுற்றிப் பார்க்க வந்த கூட்டத்தில் இடிபட்டு... எனக்கு வேண்டாம். காபித் தோட்டத்துக்குள் புகுந்து போனால் ஒன்றரை மணி நேரம். வழியில் ஒரு கொய்யா மரம் வேறு இருக்கிறது. அது யாருடையது என்று இதுவரை நான் கேட்டதில்லை. எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்ல, பேத்தி எழுதுகிறாள். கொய்யா விஷயத்தையும் எழுதிவிட்டாள் பாருங்கள்.

சின்ன வயதில் இந்த வழியில் நான் நடந்ததே கிடையாது, ஓட்டம்தான். எஸ்டேட்டில் தண்டவாளத் துண்டு ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். காலையில் அதை மூன்று தடவை அடிப்பார்கள். மூன்றாவது மணிக்குள், ஆள் கணக்கு எழுதுகிற ரைட்டர் முன்னால் போய் நிற்காவிட்டால் அன்றைக்கு வேலை கிடையாது. அம்மா சோற்றுத் தூக்கைக் கையில் பிடித்துக்கொண்டே ஓடுவாள். குழம்பு ஒரு சொட்டு சிந்தாது. நான் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பின்னாலேயே ஓடுவேன். "குதிகாலை ஊனாத புள்ள, முன்னங்கால்ல போ!" என்று திரும்பிப் பார்க்காமலே கத்துவாள். நான் எப்படிக் கால் வைக்கிறேன் என்று முதுகில் கண் இருந்த மாதிரி அவளுக்குத் தெரியும்.

பனி இறங்கிவிட்டால் முன்னால் போகிற ஆள் தெரியாது. அப்போது பெண்கள் எல்லோரும் "ஊ... ஊ..." என்று குரல் விட்டுக்கொண்டே ஓடுவோம். குரல் வந்த பக்கம் வழி. பதில் வரவில்லையென்றால் நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட வேண்டும். யாராவது வந்து கூட்டிப்போகும் வரை எழுந்திருக்கக் கூடாது. கல்யாணமாகி வந்த புதிதில் என் தம்பி பெண்டாட்டி அப்படி உட்கார்ந்து, பத்தடி தள்ளித்தான் ரைட்டர் நிற்கிறார் என்று தெரியாமல் அரைமணி நேரம் அழுதிருக்கிறாள். அதைச் சொன்னால் இன்றைக்கும் கோபம் வரும் அவளுக்கு.

காபிப் பழம் பறிப்பதில் இன்னொரு வழக்கம் உண்டு. ஆளுக்கு ஒரு வரிசை. சாயங்காலம் எந்தச் செடியில் நிறுத்தினோமோ அதில் பழைய சேலைக் கிழிசல் ஒன்றைக் கட்டிவிட்டு வருவோம். மறுநாள் அதை அவிழ்த்துவிட்டு அங்கிருந்தே தொடங்குவோம். கடைசிப் பறிப்பு முடிந்த பிறகும் எங்காவது துணி தொங்கினால், அந்த வரிசைக்காரி பாதியில் விட்டுவிட்டுப் போய்விட்டாள் என்று அர்த்தம். மேஸ்திரி எல்லோர் முன்னாலும் அவளை ஏசுவார். அதனால் யார் கட்டிய துணியானாலும், பறித்து முடிந்த தோட்டத்தில் கண்ணில் பட்டால் அவிழ்த்து மடியில் போட்டுக்கொள்வோம். யாரிடமும் சொல்ல மாட்டோம்.

போன தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. நல்ல பனி. பெரிய பாறைக்குப் பக்கத்தில் வழி இரண்டாகப் பிரியும். அந்த இடத்தில் ஒரு செடியில் ரோஸ் நிறத்தில் ரிப்பன் தொங்கியது. பறிப்பு முடிந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. அட, இந்தக் காலத்துப் பெண்கள் ரிப்பனா கட்டுகிறார்கள் என்று சிரித்துக்கொண்டே அவிழ்த்தேன். கொஞ்ச தூரத்தில் இன்னொன்று. அப்புறம் இன்னொன்று. யாரோ ஒருத்தி வரிசை வரிசையாக விட்டுவிட்டுப் போயிருக்கிறாளே என்று அவளுக்காக வருத்தப்பட்டுக்கொண்டே ஓடை வரைக்கும் ஒன்று விடாமல் அவிழ்த்தேன். மடி நிறைந்துவிட்டது.

ஓடைக்குப் பக்கத்தில் ஒரு பெண் ஆரஞ்சுப் பழமும் தண்ணீர்க் கேனும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சேலத்துப் பெண்.

"ஏனுங் கண்ணு, இந்தப் பனியில தனியா உக்காந்துருக்கீங்க?"

"மலை ஓட்டப் பந்தயம் பாட்டி. நாப்பது பேர் ஓடி வர்றாங்க. வழி தெரியறதுக்கு ரோஸ் ரிப்பன் கட்டியிருக்கோம். வரும்போது பாத்தீங்களா?"

"பாக்காம என்ன!" என்று மடியைப் பெருமையாக விரித்துக் காட்டினேன்.

அந்தப் பெண் துள்ளி எழுந்தாள். "பாட்டி... அவங்க கெளம்பி முக்கா மணி நேரமாச்சே!"

அப்போதுதான் நான் செய்த காரியம் எனக்குப் புரிந்தது. பெரிய பாறையில் இடது பக்கம் போனால் கொட்டச்சேடு. அது ஒற்றையடிப் பாதை. வலது பக்கம் அகலமாக, பார்த்தாலே போகத் தோன்றுகிற மாதிரி இருக்கும். நாங்கள் மணிச் சத்தத்துக்கு ஓடிய பழைய பாதை அது. போன மழைக்கு அந்தப் பாதை பாதியில் சரிந்துவிட்டது. விளிம்பு தெரியாமல் உண்ணிச் செடி மூடியிருக்கிறது. அதற்குக் கீழே ஒரே பள்ளம். அந்தப் பெண் போனை எடுத்துத் தூக்கித் தூக்கிப் பார்த்தாள். டவர் இல்லை.

"இதக் கையில புடி கண்ணு. கீழிருந்து கட்டிக்கிட்டே வா. நான் மேல போறேன்."

"நீங்க எப்படிப் பாட்டி..."

மீதியை நான் கேட்கவில்லை. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, வழியை விட்டுவிட்டு, காபி வரிசைக்கு நடுவில் நேராக மேலே ஏறினேன். செருப்பை எங்கே கழற்றினேன் என்று ஞாபகம் இல்லை. மூச்சு அடைத்தது. முட்டி இரண்டும் என்னைத் திட்டின. ஆனால் ஒன்று சொல்கிறேன், பேத்தி சிரிக்காமல் எழுத வேண்டும். காலுக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது. எந்தக் கல் ஆடும், எந்த வேர் வழுக்கும் என்று நான் யோசிக்கும் முன்னாலேயே அது விலகிப் போனது. எனக்கு முன்னால் சோற்றுத் தூக்கு ஒன்று ஆடிக்கொண்டே போவதுபோல இருந்தது. பயமும் இருந்தது, சந்தோஷமும் இருந்தது. அந்த நேரத்தில் சந்தோஷப்பட்டதற்கு எனக்கு இன்னமும் வெட்கமாக இருக்கிறது.

பாறைக்கு வந்து சேர்ந்தபோது வலது பக்கத்திலிருந்து தடதடவென்று காலடிச் சத்தம். பனிக்குள் போய்விட்டார்கள்.

இரண்டு கையையும் வாயில் வைத்து "ஊ...ஊ..." என்று விட்டேன். சத்தம் நின்றது.

"யாரு?" ஆண் குரல்.

"உக்காருங்க சாமி! நின்ன எடத்துலயே உக்காருங்க! ஒரு அடி வெக்காதீங்க!"

"எதுக்குங்க?"

"மொதல்ல உக்காருங்கன்னா!"

நல்ல பிள்ளைகள், உட்கார்ந்துவிட்டார்கள். போய்ப் பார்த்தால் மூன்று பேர், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மாதிரி வரிசையாக. முதலில் இருந்தவர் காலுக்கு முன்னால் உண்ணிச் செடி. நான் ஒரு கல்லை எடுத்து அதற்குள் போட்டேன். அது உருண்டு உருண்டு போகிற சத்தம் நெடுநேரம் கேட்டது. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். அப்புறம் பாறை வரும்வரை விடவேயில்லை.

மூன்று பேரையும் இடது பக்கம் திருப்பி அனுப்பிவிட்டு நான் பிரிவிலேயே நின்றுகொண்டேன். நெஞ்சில் ஆளுக்கு ஒரு நம்பர் குத்தியிருந்தார்கள். எனக்கென்ன தெரியும்? பறிப்பில் விட்டுப்போன காபிப் பழம் அங்கங்கே செடியில் இருந்தது. அந்த மூன்று பேருக்கும் சேர்த்து, ஒரு ஆள் போனால் ஒரு பழம் கிள்ளி மடியில் போட்டேன். "இந்தப் பக்கம் சாமி, இந்தப் பக்கம்" என்று கை காட்டிக் காட்டித் தோள் வலித்தது. "தேங்க்ஸ் பாட்டி, நொம்ப தேங்க்ஸ்!" என்று ஒவ்வொருவரும் சொல்லும்போது எனக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

சேலத்துப் பெண் ரிப்பன் கட்டிக்கொண்டே மேலே வந்து சேர்ந்தாள். என் மடிப் பழத்தை எண்ணினாள். மறுபடியும் எண்ணினாள்.

"முப்பத்தொம்பது பாட்டி."

நாற்பதுக்கு ஒன்று குறைந்தது. நான் வருவதற்கு முன்னாலேயே ஒருத்தர் வலது பக்கம் போயிருந்தால்? அவளை அங்கேயே நிறுத்திவிட்டுப் பழைய பாதையில் போனேன். உண்ணிச் செடியை ஒவ்வொன்றாக விலக்கிப் பார்த்தேன். ஒடிந்த கிளை இல்லை. ஈர மண்ணில் அந்த மூன்று பேர் தடத்தைத் தவிர வேறு தடம் இல்லை. இருந்தாலும் நெஞ்சு ஆறவில்லை. திரும்பி வந்து, அவர்கள் ஓடி வந்த பக்கமாக மேட்டில் ஏறினேன்.

இரண்டு வளைவு தள்ளி ஒரு அம்மா, ஐம்பது வயது இருக்கும், மரத்தடியில் காலை நீட்டி உட்கார்ந்து கெண்டைக்காலை உருவிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் கடித்த கொய்யா.

எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. அவள் காலை மடியில் எடுத்து வைத்து அழுத்தித் தேய்த்துவிட்டேன். கைகொடுத்து எழுப்பி, மெதுவாக நடத்திக் கூட்டி வந்தேன்.

"ஏனுங்கம்மா, நீங்க பந்தயத்து ஆளுங்களா?" என்று கேட்டாள்.

"அக்கா ஊட்டுக்குப் போறவளுங்க."

"கீழ பாறைக்கிட்ட ஒரு ரிப்பனக் கூடக் காணோம்னு முன்னாடி போன பொண்ணு கத்துச்சு. எந்தப் பாவி அவுத்தாளோ, அவ கையில கெடச்சா..."

"நாந்தானுங்க," என்றேன்.

அவள் நின்றாள். என்னை மேலும் கீழும் பார்த்தாள். செருப்பில்லாத காலைப் பார்த்தாள். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தவள், மறுபடியும் கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்க, அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.