மூன்று கருக்களும் நான் சொன்ன பொய்யும்

கல்யாணமாகி ஒன்பது வருடம் என் மகளுக்குக் குழந்தையில்லை. மருமகன் குவைத்தில் இருந்தார். திருச்சியில் ஒரு மருத்துவமனையில் சோதனைக்குழாய் முறையில் இரட்டைப் பிள்ளைகள் பிறந்தன. திருச்சபை அதை ஏற்பதில்லை என்று தெரிந்தும் நான் வாயைத் திறக்கவில்லை. எனக்குப் பேரப்பிள்ளை வேண்டியிருந்தது.

மிச்சம் மூன்று கருக்கள் அங்கேயே உறைநிலையில் இருந்தன. மகள் குடும்பம் கனடாவுக்குக் கிளம்பும் சமயத்தில் மருத்துவமனைக் கடிதம் வந்தது. தொடர்ந்து வைத்திருப்பதா, அழிப்பதா, பிள்ளையில்லாத தம்பதிக்குக் கொடுப்பதா என்று கேட்டிருந்தார்கள்.

பிரசவத்துக்குப் பின் மகளைப் பார்த்துக்கொண்ட நர்ஸ் எங்கள் தேவாலயப் பங்கைச் சேர்ந்தவள்தான்; கோயிலுக்குத் தெற்கே உள்ள தெரு. அவளுக்கும் பிள்ளையில்லை. விஷயம் கேள்விப்பட்டு வீட்டுக்கே வந்துவிட்டாள்.

“அழிக்கச் சொல்லிடாதீங்கக்கா. எனக்குத் தாங்க, நான் சுமக்கறேன். மூணுல ஒண்ணு தங்காதா?”

“மூணும் தங்கிட்டா?” என்றாள் மகள்.

“எங்க வீட்டுக்காரர் ஊரைவிட்டு ஓடிடுவார். நான் வளத்துக்கறேன்.”

இருவரும் சிரித்தார்கள். மகளுக்குக் கொடுக்கத்தான் மனம். பாவமாகிவிடுமோ என்ற பயம் மட்டும் இருந்தது. நான் பாதிரியாராகக் குருமடத்தில் நான்கு வருடம் படித்துவிட்டு வெளியேறியவன். அதனால் பங்குத்தந்தையிடம் கேட்டுவர என்னை அனுப்பினாள்.

அவர் இளைஞர். “ரோமாபுரி இதை இன்னும் முடிவா சொல்லலீங்கய்யா,” என்றார். “நோக்கம் நல்லது, ஆனா சிக்கல் இருக்குங்கறாங்க. அநாதையைத் தத்தெடுக்கற மாதிரிதானேன்னு சில அறிஞர்கள் சொல்றாங்க. கணவன் மனைவி உறவுக்கு வெளியே கர்ப்பம் வரக்கூடாதுன்னு சிலர். அழியவிடறதுக்கு இது மேல்னு எனக்குப் படுது. மனசாட்சிப்படி செய்யச் சொல்லுங்க.”

திரும்பி நடக்கையில் நான் வேதத்தை நினைக்கவில்லை, தெற்குத் தெருவை நினைத்தேன். எங்கள் கல்லறைத் தோட்டத்தின் நடுவே ஒரு சுவர் உண்டு. இந்தப் பக்கம் எங்கள் சாதி, அந்தப் பக்கம் தெற்குத் தெருக்காரர்கள். என் பேரனின் முகச்சாயலோடு ஒரு பிள்ளை அந்தத் தெருவில் வளர்ந்து, அந்தப் பக்கம் புதைக்கப்படும். முப்பது வருடம் கல்லூரியில் தத்துவம் நடத்தியவனுக்கு அதைத் தாண்டி எதுவும் தோன்றவில்லை.

“சபை கூடாதுங்குது,” என்றேன் மகளிடம்.

“ஃபாதரே சொன்னாரா?”

“அவரேதான். சாவான பாவமாம், நரகந்தானாம்.”

“அப்ப அழிக்கறது?”

“அதை ஆண்டவர் பாத்துப்பார்.”

கருவும் உயிரே என்று பங்குக் கூட்டங்களில் பேசியவன் நான். அந்த வாரமே அவள் அழிக்கச் சம்மதித்துக் கையெழுத்திட்டாள்.

நர்ஸிடம் வாசலில் வைத்து நானே சொன்னேன். “சபை சொன்னா சரிங்கய்யா,” என்றாள். செருப்பை மாட்ட அவளுக்கு நேரமாயிற்று.

பிறகு வேறு பங்குத்தந்தை வந்தபோது பாவசங்கீர்த்தனத்தில் இந்தப் பொய்யை ஒப்புக்கொண்டேன். மன்னிப்பு கிடைத்தது. இருவரிடமும் உண்மையைச் சொல்ல வேண்டும் என்றார் அவர். மகள் ஞாயிற்றுக்கிழமைகளில் பேசுவாள். நான் பனி பெய்கிறதா என்று கேட்பேன்.

நர்ஸுக்கு இப்போது ஐம்பது தாண்டிவிட்டது. என் காலில் சர்க்கரைப் புண் ஆறவில்லை. ஒருநாள்விட்டு ஒருநாள் அவள்தான் வந்து கட்டு மாற்றுகிறாள். மனைவி போனபின் எனக்கு வேறு ஆள் இல்லை. சொல்லிவிட்டால் அவள் வரமாட்டாள் என்றுதான் இத்தனை நாள் வாய் திறக்காமல் இருந்தேன். இதை எழுதியாகிவிட்டது. நாளை வருவாள். அவள் கட்டை அவிழ்க்கும் முன்பே சொல்லிவிட வேண்டும்.