அப்பா நீந்திய வீடியோ

இப்போது மத்தியதரைக் கடலில் எந்த உல்லாசப் படகு எங்கே நிற்கிறது என்பதைக் காரைக்குடியில் இட்லி சாப்பிட்டுக்கொண்டே செல்போனில் பார்த்துவிடலாம். எனக்கு ஒன்பது வயதானபோது எங்கள் வீட்டில் அந்தக் கடலைப் பற்றித் தெரிந்ததெல்லாம் வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கும் ஏஜெண்ட் கொடுத்த வழவழப்பான புத்தகம் மட்டும்தான். வெள்ளைப் படகு, நீலத் தண்ணீர், தேக்குப் பலகை பாவிய தளம். அந்தத் தேக்குக்காகத்தான் அப்பாவைக் கூப்பிட்டார்கள். அப்பா தச்சர். பழைய வீடுகளின் தேக்குக் கதவுகளைக் கழற்றிப் பூட்டுவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. கோடை முழுக்க ஸ்பெயினிலிருந்து கிரீஸ் வரை போகும் படகில் கூடவே இருந்து தளத்தைச் செப்பனிட வேண்டும். எங்கள் வீடு அதுவரை கேட்டிராத சம்பளம்.

நீச்சல் தெரிய வேண்டும் என்பது ஒரே நிபந்தனை. அதற்கு வீடியோ கேட்டிருந்தார்கள். எங்கள் ஊருணி குடிதண்ணீருக்கானது. காலை நனைத்தாலே ஏச்சு விழும். அப்பா எங்கே போய் நீந்தியிருப்பார்? நாச்சியாபுரத்தில் மாமாவின் வயல் கிணற்றில் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு ஒரு வாரம் தண்ணீர் குடித்ததுதான் மிச்சம். மாமா அம்மாவின் தம்பி. எதற்கும் ஒரு குறுக்குவழி வைத்திருப்பவர்.

கடைசி நாள் வந்தது. மாலைக்குள் வீடியோ போக வேண்டும். மாமா சட்டையைக் கழற்றினார்.

“மச்சான், நான் நீந்துறேன். முதுகுதானே தெரியும். ஆத்தா, நீ மேலருந்து படம் பிடி. அம்மாட்ட மூச்சு விடக் கூடாது.”

நான் மேலே நின்று ஆடாமல் படம் பிடித்தேன். மாமா மெச்சினார். அனுப்புவதற்கு முன் வடை வாங்கி வருவதாகச் சொல்லி, போனை என்னிடமே கொடுத்துவிட்டு சைக்கிளில் போனார். அப்பா கிணற்றடியில் உட்கார்ந்திருந்தார்.

அந்த நேரம் பார்த்து அம்மா சோற்றுத் தூக்கோடு வந்தாள். போனை வாங்கி இரண்டு முறை பார்த்தாள்.

“இவுக எப்ப இப்படி நீந்தக் கத்துக்கிட்டாக?”

“அப்பாதாம்மா. நான்தானே எடுத்தேன்.”

“என் தலையில கைய வச்சுச் சொல்லு.”

பொய்ச் சத்தியம் செய்தால் அந்தத் தலைக்குரியவர் செத்துப்போவார் என்பது எங்கள் பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. ஆனால் மாமாவுக்குக் கொடுத்த வாக்கும் இருந்தது. கையைத் தூக்கி வைத்தேன். அம்மாவின் தலை வெயிலில் சுட்டது.

“அப்பாதான்,” என்றேன்.

அப்பா எழுந்தார். கயிற்றைத் தேடவில்லை. “இந்தா, காட்டுறேன்,” என்று சொல்லிவிட்டுக் குதித்தார்.

இரண்டு முறை தலை மேலே வந்தது. அடுத்த முறை கை மட்டும் வந்தது. அம்மா சேலையோடு குதித்தாள். சத்தியம் பலித்துவிட்டது, அம்மாவை நான்தான் கொன்றேன் என்று நினைத்தேன். அவள் அந்தக் கிணற்றிலேயே வளர்ந்தவள், மாமாவுக்கே நீச்சல் சொல்லிக்கொடுத்தவள் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. அப்பாவின் தலைமுடியைப் பிடித்துப் படிக்கு இழுத்து வந்தாள்.

அப்பா இருமி இருமித் தண்ணீரைக் கக்கினார்.

“எதுக்குக் குதிச்சீக?” என்றாள் அம்மா.

“புள்ள உன் தலையில கைய வச்சுச் சொல்லிருச்சே. அது பொய்யாயிறக் கூடாதுல்ல.”

அம்மா அழுதாள். மாமா வடையோடு வந்தபோது வீடியோவை அழித்திருந்தாள். அந்த வருடப் படகு அப்பா இல்லாமலே போயிற்று. அடுத்த கோடைக்குள் அதே கிணற்றில் அம்மா அவரை நீந்த வைத்துவிட்டாள். அதன்பிறகு அவர் போகாத கோடை இல்லை.

ஆனால் அன்று எனக்கு அப்பா மேல் கோபம்தான் வந்தது. நீந்தத் தெரியாதவருக்கு இந்த வீம்பு எதற்கு என்று நினைத்தேன். அம்மா அழுததை ஆழத்தைப் பார்த்த பயம் என்று எடுத்துக்கொண்டேன். அவள் சாகவில்லை, ஆகவே என் சத்தியம் ஒன்றும் செய்யவில்லை என்ற நிம்மதியில் தூக்கைத் திறந்து சாப்பிட உட்கார்ந்தேன்.