விதுராவில் கிணறு அளந்த நாள்

காலை ஏழு மணிக்குத் தம்பானூரில் பேருந்து ஏறினேன். நெடுமங்காடு தாண்டியதும் எதிரே வந்த வண்டிகளில் பாதி டிப்பர் லாரிகள். விதுரா நாற்பது கிலோமீட்டருக்குள்தான்; ஒன்றரை மணி நேரம் ஆனது.

சந்தையில் மளிகைக்கடை வைத்திருக்கும் சிவதாணு ஆட்டோவுடன் காத்திருந்தார். நாஞ்சில் நாட்டிலிருந்து வந்து இங்கே வீடு கட்டியவர். அவர் வீட்டு வாசலிலிருந்தே கல்குவாரி தெரிந்தது. குன்றின் ஒரு பக்கம் மரமில்லாத செங்குத்துச் சுவர். குவாரி ஆழமாக ஆகத் தங்கள் கிணறுகள் வற்றுவதாகத் தெருக்காரர்கள் மனுக் கொடுத்திருந்தார்கள். இனி எவ்வளவு ஆழம் வெட்டலாம் என்று வரம்பு வைப்பதற்கு முன் கிணறுகளை அளக்க அன்று அதிகாரி வருகிறார். அதைப் பார்க்கத்தான் நான் வந்திருந்தேன்.

"தரை தெரியுத கிணறாக்கும். நீங்களே பாப்பிய," என்றார் சிவதாணு.

பத்தரை மணிக்கு வந்த அதிகாரி இளம்பெண். அளவு நாடாவைக் கிணற்றில் இறக்கினார். எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி இறக்கினார்.

"சேச்சி, இதில் நல்ல வெள்ளம் உண்டல்லோ," என்றார் சிவதாணுவின் மனைவி சரோஜத்திடம். மலையாளத்தில் வெள்ளம் என்றால் தண்ணீர்.

"அது நேத்து டாங்கர்ல வந்த வெள்ளம். ஊத்தி வச்சிருக்கேன்."

வற்றிய கிணறுகளுக்காகப் பஞ்சாயத்து டாங்கர் அனுப்புகிறது. டிரம்மில் நின்ற தண்ணீரை இந்தத் தெருவில் யாரும் குடிப்பதில்லை. கிணற்றில் இறைத்தால்தான் குடிநீர். அதனால் எல்லா வீட்டிலும் டாங்கர் குழாயை நேரே கிணற்றுக்குள் விட்டிருந்தார்கள்.

"இன்னைக்கு அளக்க வாறாங்கன்னு தெரியும்லா?" என்றார் சிவதாணு.

"பின்ன எங்க ஊத்த? உம்ம கடையில அரிசிச் சாக்கிலயா?"

அதிகாரி சிரித்துவிட்டார். ஆனால் நாடா காட்டுவதைத்தான் தன்னால் எழுத முடியும் என்றார். கிணறுகளை இறைத்துவிட்டு, ஒரு வாரம் வெளித்தண்ணீர் விடாமல் வைத்தால், ஊறியதை மட்டும் அளக்கத் திரும்பி வருவதாகச் சொன்னார்.

மதியத்துக்குள் மோட்டார் காற்றை இழுத்தது. கிணற்றின் அடியில் ஈரப்பாறை தெரிந்தது. தெருவே குடங்களும் டிரம்களுமாக நிறைந்தது. சரோஜம் கிணற்றைத் தகரத்தால் மூடிக் கல் வைத்தார்.

நான் கிளம்பும்போது டிரம்மிலிருந்து ஒரு தம்ளர் மொண்டு கொடுத்து என் முகத்தையே பார்த்தார்.

"குடிக்க முடியுதா?"

சென்னையில் கேன் தண்ணீர் குடித்துப் பழகிய எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. அதைச் சொன்னேன். அவர் நம்பவில்லை. அதே தம்ளரில் மொண்டு ஒரு வாய் குடித்தார்; முகம் சுளித்தார்; விழுங்கினார்.

"ஒரு வாரந்தானே," என்று மீதியையும் குடித்தார்.